தாடை மூட்டுக் குருத்தெலும்பை மீட்க மூன்று வழிகள்: எந்த அடுக்கு போனால் எதைத் தேர்வது?

தாடை மூட்டுக் குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் ஆய்வில் இறங்குபவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, செல்லை எங்கிருந்து எடுப்பது என்பதை. பல் மருத்துவ முதுநிலை மாணவருக்கும் இதே கேள்விதான், சிறிய ஆய்வுக்கூடத்துக்கும் இதே கேள்விதான். இன்று உருப்படியாக மூன்று வழிகள் இருக்கின்றன. விலாக் குருத்தெலும்பிலிருந்து செல் எடுத்து, தாங்கு சட்டகம் எதுவும் இல்லாமல் தானாகத் திசுவாகத் திரள விடுவது ஒன்று. எலும்பு மஜ்ஜையிலோ கொழுப்பிலோ இருந்து ஸ்ட்ரோமல் செல்களை (எலும்பாகவோ குருத்தெலும்பாகவோ மாறக்கூடிய தாங்குதிசுச் செல்களை) எடுத்து, எலும்புச் சட்டகத்தில் வளர்த்து, எலும்பும் குருத்தெலும்புமாக ஒரே துண்டைப் பொருத்துவது இன்னொன்று. மூட்டின் மேற்பரப்பில் ஏற்கெனவே குடியிருக்கும் ஸ்டெம் செல்களை மருந்தால் காப்பாற்றி, அவற்றையே வேலை வாங்குவது மூன்றாவது.

இவற்றை ஒப்பிடும்போது பலரும் முழங்காலுக்கு எடுத்த அளவில் தாடைக்குச் சட்டை தைக்கிறார்கள். குருத்தெலும்புக்கே உரிய நார்ப்புரதமான டைப் 2 கொலாஜன் எவ்வளவு, நீரைப் பிடித்துவைக்கும் சர்க்கரைச் சங்கிலியான சல்ஃபேட் ஏறிய கிளைக்கோசமினோகிளைக்கன் எவ்வளவு, பரப்பு எவ்வளவு சிவப்பாகச் சாயம் ஏற்கிறது என்றே கணக்குப் போடுகிறார்கள். தாடை மூட்டுக்கு அந்த அளவு பொருந்தாது. எந்த அடுக்கு அழிந்திருக்கிறது, தேர்ந்தெடுக்கும் வழி அந்த அடுக்கைத் திருப்பித் தருமா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு வெட்டில் தெரிவது

இளம் எலியின் கீழ்த்தாடைக் குமிழை, அதாவது மூட்டில் பொருந்தி அசையும் தாடை முனையை, முன்பின் வாக்கில் 5 மைக்ரான் கனத்தில் வெட்டி, ஹெமடாக்சிலினும் ஃபாஸ்ட் கிரீனும் சாஃப்ரானின் ஓ-வும் ஏற்றிப் பாருங்கள். சாஃப்ரானின் கிளைக்கோசமினோகிளைக்கனைச் சிவப்பாக்கும், ஃபாஸ்ட் கிரீன் மற்ற இடத்தைப் பச்சையாக்கும். உச்சியில் பச்சை நாடா ஒன்று ஓடும். இது நாரடுக்கு. டைப் 1 கொலாஜன் நார்கள் பரப்புக்கு இணையாக, பெரும்பாலும் முன்பின் திசையில் படுத்திருக்கும். நடுவே தட்டையான, ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற செல்கள் ஒட்டிக் கிடக்கும். மூட்டை வழுக்க வைக்கும் லூப்ரிசின் இங்கேதான் சுரக்கிறது. அதற்குக் கீழே கருநீலக் கருக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் மெல்லிய பட்டை. இது பெருகும் அடுக்கு. செல் அதிகம், இடைப்பொருள் குறைவு. இன்னும் கீழே போனால்தான் சிவப்பு தொடங்கும். உருண்டையான காண்டிரோசைட்டுகள் (குருத்தெலும்புச் செல்கள்) ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும் முதிர் அடுக்கு இது; டைப் 2 கொலாஜனும் அக்ரிகனும் இங்கே உண்டு, கூடவே கொஞ்சம் டைப் 1-ம் இருக்கும். அடியில் செல்கள் ஊதிப் பெருத்து, டைப் 10 கொலாஜன் காட்டும் வீங்கிய அடுக்கு. அதோடு எலும்பு.

முழங்கால் குருத்தெலும்பில் உச்சி முதல் அடிவரை டைப் 2-தான் முதன்மை. அதன் மேற்பரப்பு நார்களும் டைப் 2-ஆல் ஆனவையே. கருவில் முதலில் உருவாகும் குருத்தெலும்பு அச்சின் மிச்சம் அது. தாடைக் குமிழின் குருத்தெலும்போ, ஏற்கெனவே எலும்பாகத் தொடங்கிவிட்ட கீழ்த்தாடையின் மேல், எலும்புறை போன்ற திசுவிலிருந்து பின்னால் முளைப்பது. கருவின் நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து வருவது. கருவில் கீழ்த்தாடையை ஒட்டி ஓடும் மெக்கல் குருத்தெலும்புத் தண்டின் தொடர்ச்சி என்று சிலர் இன்னமும் எழுதுகிறார்கள், அது தவறு.

பிறப்பு வேறு என்பதால் நடத்தையும் வேறு. நீள எலும்பின் வளர்தட்டில் காண்டிரோசைட்டே பிரிந்து தூண் தூணாக அடுக்கிக்கொள்ளும். தாடைக் குமிழில் பிரிவது பெருகும் அடுக்கின் முன்னோடிச் செல். காண்டிரோசைட் ஆன பிறகு அது ஏறத்தாழப் பிரிவதில்லை. ஆகவே முதிர் அடுக்கு எவ்வளவு செழிப்பாகத் தெரிந்தாலும், மேலேயுள்ள இரண்டு அடுக்குகளும் போய்விட்டால் அது வருமானமில்லாத வீடு; இருப்பைத் தின்றுகொண்டே வரும்.

அடித்தளத்திலும் ஒரு வேறுபாடு. வீங்கிய காண்டிரோசைட்டுகள் எல்லாமே செத்து ஒழிவதில்லை, ஒரு பகுதி நேரடியாக எலும்புச் செல்லாக மாறுகிறது என்பதைச் சுண்டெலியில் மரபணு அடையாளமிட்டுத் தொடர்ந்து பார்த்துக் காட்டியிருக்கிறார்கள். முழங்கால் திசுவில் செல்கள் இப்படி வீங்கக் கண்டால் தோல்வி என்று குறிப்போம். தாடைக் குமிழில் அது அடியில் இருந்தால் இயல்பு, மேலே ஏறினால்தான் கேடு. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை: இந்த அழகான நான்கு அடுக்கு வளரும் விலங்கின் படம். வளர்ந்த மனிதரின் குமிழில் குருத்தெலும்பு மொத்தமே அரை மில்லிமீட்டர் அளவுதான். பெருகும் அடுக்கு மெலிந்து, இடையிடையே அறுந்தும் போயிருக்கும். அடிப்பகுதி சுண்ணம் ஏறியிருக்கும். ஆறு வாரச் சுண்டெலியில் கிடைத்த வெற்றியை ஐம்பது வயதுக்காரரின் மூட்டுக்கு அப்படியே பேசக்கூடாது.

முதல் வழி: விலாக் குருத்தெலும்புச் செல், சட்டகம் இல்லாமல்

நோயுற்ற மூட்டைத் தொடாமலே செல் கிடைக்கிறது என்பது இதன் பெரிய வசதி. விலாவில் குருத்தெலும்பு தாராளமாக இருக்கிறது. வயது ஏறினாலும் செல் உயிரோடு இருக்கிறது. விலா எடுக்கும்போது நுரையீரல் உறை கிழிந்து காற்று புகும் ஆபத்து உண்டு என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

தட்டில் பெருக்கும்போது காண்டிரோசைட் தன் குணத்தை இழக்கும். இரண்டு மூன்று முறை மாற்றி வளர்த்ததுமே டைப் 2 இறங்கி டைப் 1 ஏறிவிடும். முழங்காலுக்கு இது தலைவலி. தாடைக்கு அவ்வளவு மோசமில்லை, ஏனென்றால் நமக்கு வேண்டியதே நார்க்குருத்தெலும்பு. ஆனாலும் அப்படியே விட்டால் வெறும் தழும்புத் திசுதான் கிடைக்கும். பெருக்கிய செல்லைச் சுழலும் தட்டில் சிறு திரள்களாக்கி, டிஜிஎஃப்-பீட்டா 1 உள்ளிட்ட வளர்ச்சிக் காரணிகளோடு ஒன்றிரண்டு வாரம் வைத்து, குருத்தெலும்புக் குணத்தை மீட்ட பிறகே அகரோஸ் அச்சில் அடர்த்தியாக இட வேண்டும். அச்சின் சுவரில் ஒட்ட முடியாததால் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தாமாகத் தகடாகின்றன.

அடுத்த நுணுக்கம் இன்னும் சுவையானது. 7-ஆம் நாள் காண்டிராய்டினேஸ் ஏபிசி நொதியை, மில்லிலிட்டருக்கு 2 யூனிட் வீதம், 4 மணி நேரம் மட்டும் கொடுத்துக் கழுவிவிடுகிறார்கள். பக்கவாட்டில் நீர் பிடித்து நிற்கும் கிளைக்கோசமினோகிளைக்கன் தற்காலிகமாகக் கரைகிறது. அந்த இடைவெளியில் கொலாஜன் நார்கள் நெருங்கி அடைகின்றன. கரைந்தது பிறகு தானே திரும்ப வருகிறது. கூடவே எல்ஓஎக்ஸ்எல் 2 நொதி நார்களைக் குறுக்கே பிணைக்கிறது. நொதியைக் கழுவ மறந்தால், அல்லது கழுவும் நீரில் தடுப்பானாகத் துத்தநாகம் சேர்க்காமல் விட்டால், கரைப்பு தொடர்ந்து நடந்து திசு தொளதொளத்துப் போகும்.

திசுப் பொறியியல் ஆய்வாளர் கைரியாகோஸ் அதனாசியோவின் குழு 2018-இல் இந்த முறையில் வளர்த்த திசுவை யுகாடன் குட்டைப் பன்றியின் மூட்டுவட்டில், அதாவது குமிழுக்கும் மேலுள்ள எலும்புக்கும் நடுவே மெத்தை போல இருக்கும் வட்டில், பொருத்திக் காட்டியது. பன்றிக்குப் பன்றி, வேறொரு விலங்கின் செல்தான். இருந்தும் திசு நிராகரிக்கப்படவில்லை. ஆனால் அது மூட்டுவட்டின் மெலிந்த பகுதிக்குச் செய்தது, குமிழ்க் குருத்தெலும்புக்கு அல்ல. வட்டின் உள்ளடுக்கில் பை போலப் பிளந்து திசுவைச் சொருகினார்கள். குமிழில் அப்படிப் பை கிடையாது; ஒட்ட வைப்பதே பெரும்பாடு. இந்த முடிவை எடுத்துக் குமிழ்க் குருத்தெலும்பு தீர்ந்துவிட்டது என்று பேசுவோரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: எதில் தைத்தீர்கள்?

இரண்டாம் வழி: ஸ்ட்ரோமல் செல்லும் எலும்புச் சட்டகமும்

குமிழே உதிர்ந்துபோன நிலைக்கு உரியது இது. 2010-இல் திசுப் பொறியியல் ஆய்வாளர் கோர்தானா வுன்யாக்-நோவகோவிச்சின் குழு மனித மஜ்ஜைச் செல்களை, செல் நீக்கிய எலும்பைக் குமிழ் வடிவில் செதுக்கிய சட்டகத்தில் ஏற்றி, வளர்ப்புநீர் ஊடுருவி ஓடும் கருவியில் 5 வாரம் வளர்த்தது. ஓட்டம் ஏன் வேண்டும்? அசையாத நீரில் ஆக்ஸிஜன் ஒன்றிரண்டு நூறு மைக்ரானுக்கு மேல் உள்ளே போகாது. சட்டகத்தின் ஓரம் உயிரோடும் நடு செத்தும் இருக்கும். 2020-இல் அதே குழு, குட்டைப் பன்றியின் சொந்தக் கொழுப்புச் செல்களால் எலும்பும் மேலே குருத்தெலும்புமாகச் செய்து, அந்த விலங்கிலேயே பொருத்தி 6 மாதம் பார்த்தது.

இங்கே செல்லின் இயல்பான போக்கு தெரிந்திருக்க வேண்டும். மஜ்ஜைச் செல் இரண்டரை லட்சத்தை 15 மில்லி கூம்புக் குழாயில் சுழற்றி அடியில் படிய வைத்து, மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் டிஜிஎஃப்-பீட்டா 3, 100 நானோமோலார் டெக்ஸாமெத்தசோன், 50 மைக்ரோகிராம் அஸ்கார்பேட் பாஸ்பேட் கலந்த நீரில் 21 நாள் வைத்தால் முத்துப் போல் உருண்ட குருத்தெலும்பு கிடைக்கும். டைப் 2-க்குச் சாயம் ஏற்றினால் மகிழ்ச்சியாக இருக்கும். டைப் 10-க்கும் ஏற்றுங்கள்: அதுவும் நெடுகப் பளிச்சிடும். அதைச் சுண்டெலியின் தோலுக்கடியில் வைத்தால் சில வாரங்களில் எலும்பாகிவிடும்.

அதாவது ஸ்ட்ரோமல் செல் நன்றாகச் செய்வது கீழ் இரண்டு அடுக்குகளை. எலும்போடு இணையும் அடிப்பக்கத்துக்கு இதைவிடத் தோதான செல் கிடையாது. நாரடுக்கை இது தானாகத் தராது. நாரடுக்கு இல்லாமல் வீங்கிய அடுக்கு மேலே வெளிப்பட்டால், எதிரே உள்ள எலும்போடு ஒட்டி மூட்டு இறுகிவிடும் அபாயம் இருக்கிறது. தாடை மூட்டில் வாய் திறக்க முடியாத நிலையைவிடக் கொடுமையான தோல்வி வேறில்லை. இந்த வழியை எடுப்பவர்கள் மேலே என்ன போர்த்தப் போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். முழங்காலில் செய்வது போல எலும்பில் துளையிட்டு மஜ்ஜை கசிய விடும் உத்தியையும் இதே காரணத்துக்காக இங்கே கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

மூன்றாம் வழி: குடியிருக்கும் செல்லைக் காப்பது

2016-இல் ஆய்வாளர் மில்ட்ரெட் எம்ப்ரீயின் குழு, குமிழின் மேற்பரப்பு அடுக்கில் நார்க்குருத்தெலும்பு ஸ்டெம் செல்கள் இருப்பதைக் காட்டியது. ஒற்றைச் செல்லிலிருந்து பெருகிய கூட்டத்தை விலங்கில் வைத்தபோது, வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி எதுவும் கொடுக்காமலே குருத்தெலும்பு உருவாகி, அது எலும்பாகி, உள்ளே ரத்தம் உண்டாக்கும் மஜ்ஜைச் சூழலும் அமைந்தது. செல்லின் வளர்ச்சியையும் மாற்றத்தையும் ஆட்டுவிக்கும் டபிள்யூஎன்டி சமிக்ஞை மிகுந்தால் இந்தச் செல் கையிருப்பு கரைகிறது. அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் ஸ்கிளிரோஸ்டின் புரதத்தைக் காயப்படுத்திய முயல் மூட்டில் செலுத்தியபோது கையிருப்பு நின்றது, குருத்தெலும்பும் மீண்டது.

நுண்ணமைப்போடு மிகவும் ஒத்துப்போகும் வழி இதுதான். மேலே முன்னோடி, கீழே காண்டிரோசைட், அடியில் எலும்பு என்ற இயற்கையான ஓட்டத்தை அப்படியே பயன்படுத்துகிறது. செல் வளர்ப்பு வேண்டாம், அறுவையும் வேண்டாம், ஊசி போதும். ஆனால் ஒரு நிபந்தனை: செல் மிச்சம் இருக்க வேண்டும். நாரடுக்கு முழுக்க உரிந்து எலும்பு தெரியும் மூட்டில் காப்பாற்ற எதுவும் இல்லை. ஸ்கிளிரோஸ்டின் எலும்பு உருவாவதைக் கட்டுப்படுத்தும் புரதம் என்பதையும் நினைவில் வையுங்கள். எலும்புப்புரைக்குத் தரும் ரோமோசோசுமாப் இதையே முடக்கும் மருந்து. மூட்டிலிருந்து கசிந்தால் அடி எலும்புக்கு என்ன ஆகிறது என்று மைக்ரோ சிடி எடுத்துப் பார்க்காத சோதனை அரைகுறை.

இந்தச் செல்லைப் பிரித்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். குமிழை வெளியே எடுக்கும்போது வட்டின் இணைப்பும் சினோவிய உறையும் கூடவே வந்துவிடும். அவற்றிலும் ஒட்டிப் பெருகும் செல்கள் உண்டு. ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் அவற்றைச் சுத்தமாகக் கத்தரித்த பிறகே டிஸ்பேஸ் நொதியில் ஊற வைத்து மேலடுக்கை உரிக்க வேண்டும். உரித்ததைக் கரைக்கக் கொலாஜினேஸ் வகை 1 எடுங்கள். உரித்த பிறகு மிச்சமுள்ள குமிழையும் வெட்டிச் சாயம் ஏற்றுங்கள்: பச்சை நாடா போயிருக்க வேண்டும், சிவப்பு அப்படியே இருக்க வேண்டும். சிவப்பும் கிழிந்திருந்தால் உங்கள் தட்டில் முதிர்ந்த காண்டிரோசைட் கலந்திருக்கிறது.

எந்தப் பழுதுக்கு எது

நாரடுக்கு சிலும்பி, ஆனால் அறுபடாமல் இருந்தால் மூன்றாம் வழியைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். அங்கே திசுவைப் பொருத்தப் போனால், பொருத்துவதற்காகவே நல்ல அடுக்கைச் சுரண்ட வேண்டியிருக்கும். வட்டு மெலிந்திருக்கிறது, குமிழ் பரவாயில்லை என்றால் முதல் வழி. அதற்குப் பெரிய விலங்கிலேயே சான்று இருக்கிறது. குமிழின் எலும்பு குறைந்திருந்தால் இரண்டாம் வழியை அடித்தளமாக வைத்து, மேலே முதல் வழியின் நார்க்குருத்தெலும்புத் தகட்டையோ மேற்பரப்புச் செல்களையோ போர்த்துவது. இந்தக் கூட்டு முறையே ஆய்வுக்கு மிகவும் வளமான இடம் என்று நினைக்கிறோம். அதே அளவுக்கு வேலையும் பிடிக்கும்.

நடுவில் ஒரு நிலை இருக்கிறது. நாரடுக்கும் பெருகும் அடுக்கும் ஒரு பகுதியில் மட்டும் போய், அடி எலும்பு உறுதியாக இருப்பது. இதற்கு மூன்றில் எதுவும் இன்னும் தெளிவான விடை தரவில்லை. ஓரத்து நல்ல அடுக்கிலிருந்து செல் நகர்ந்து வர இடம் தரும் மெல்லிய கொலாஜன் படலத்தோடு மூன்றாம் வழியைச் சேர்த்துப் பார்ப்பது நியாயமான தொடக்கம்.

விலங்கைப் பொறுத்தவரை சுருக்கமாக: செல்லின் வம்சாவளியைத் தொடர சுண்டெலி, ஊசி மருந்தைச் சோதிக்க முயல், பொருத்தும் திசுவுக்குப் பன்றி. எலிக்குத் தாடை முன்பின்னாக ஓடும், மனிதருக்கு மூட்டுக் குழியின் முன்னே உள்ள எலும்பு மேடு அதற்கு இல்லை. ஆட்டின் குமிழ் தட்டையாகவும் மேலே சற்றுக் குழிந்தும் இருக்கும். அசைபோடும் விலங்கு பக்கவாட்டில் அரைக்கும். எல்லாவற்றையும் தின்னும் பன்றியின் வட்டும் அசைவுமே மனிதருக்கு மிக நெருக்கம்.

வெட்டைப் படிக்கையில் ஏமாறும் இடங்கள்

குருத்தெலும்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று வெட்டைப் பார்த்துப் போடும் மான்கின் மதிப்பெண் 1971-இல் இடுப்பு மூட்டுக்காக வந்தது. மேற்பரப்பில் சாஃப்ரானின் சிவப்பு குறைந்தால் அது மதிப்பெண் ஏற்றும், அதாவது நோய் என்று கொள்ளும். தாடைக் குமிழில் ஆரோக்கியமான நாரடுக்கே வெளிறித்தான் இருக்கும். அதை அப்படியே போட்டால் நலமான மூட்டுக்கும் நோய் மதிப்பெண் விழும். நாரடுக்கு போய்ச் சிவப்பு உச்சிவரை ஏறிய மோசமான திசு தேறிவிடும். நாரடுக்கைத் தனியாக, அதன் தொடர்ச்சியையும் கனத்தையும் வைத்து மதிப்பிடுங்கள். சிவப்பை முதிர் அடுக்கில் மட்டும் அளவிடுங்கள்.

வெட்டுவதற்கு முன் எலும்பை மென்மையாக்கச் சுண்ணம் நீக்குவதில் அவசரம் கூடாது. 10 சதவீத இடிடிஏ, பிஎச் 7.2 முதல் 7.4, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புது நீர். சுண்டெலிக் குமிழுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். பன்றிக் குமிழை முழுசாகப் போட்டால் மாதக்கணக்கில் ஊறும்; 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டாக அறுத்துப் போடுங்கள். நைட்ரிக் அமிலத்தில் ஓரிரு நாளில் முடித்துவிடலாம், ஆனால் சாயம் வெளிறும். சோதனைக் குழுவையும் கட்டுப்பாட்டுக் குழுவையும் வெவ்வேறு நாளில் அமிலத்தில் போட்டவருக்கு இல்லாத வேறுபாடு ஒன்று கிடைக்கும். சாஃப்ரானினுக்கு முன் 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 10 முதல் 15 நொடி மட்டும் முக்குங்கள். இந்தப் படியைத் தவறவிட்டால் ஃபாஸ்ட் கிரீன் முதிர் அடுக்கிலும் தங்கிச் சிவப்பை மறைக்கும்.

சாய்வாக வெட்டிய துண்டில் நாரடுக்கு இரண்டு மடங்கு கனமாகத் தோன்றும். குமிழின் நடு மூன்றிலொரு பகுதியிலிருந்து மட்டும் வெட்டுகளை எடுத்து, எல்லா விலங்கிலும் அதே இடத்தை ஒப்பிடுங்கள். நார்த் திசையைப் பார்க்க பிக்ரோசிரியஸ் சிவப்பை ஒரு மணி நேரம் ஏற்றித் துருவ ஒளியில் பாருங்கள். அதன் நிறத்தை வைத்து டைப் 1, டைப் 3 என்று பிரிப்பவர்கள் உண்டு. நிறம் நாரின் கனத்துக்கும் அடுக்குக்கும் ஏற்ப மாறுவது. வகை தெரிய வேண்டுமானால் எதிர்ப்பொருள் சாயம்தான் வழி. அதற்கும் கொதிக்கவைத்து மீட்கும் முறையில் குருத்தெலும்பு கண்ணாடியிலிருந்து உரிந்து மிதந்துவிடும். ஹயலுரோனிடேஸ் அல்லது பெப்சின் நொதியே பாதுகாப்பு.

நோயாளி கேட்டால்

தாடை மூட்டுக் குருத்தெலும்பை வளர்ப்பதற்கென்று ஒப்புதல் பெற்ற செல் சிகிச்சை இன்று கிடையாது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு ஸ்டெம் செல் ஆய்வு வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்ற ஒப்புக்கொண்ட பயன்பாடுகளுக்கு வெளியே ஸ்டெம் செல்லைப் பதிவுபெற்ற ஆய்வில் மட்டுமே கொடுக்கலாம். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. மூட்டு வலியில் தவிப்பவரிடம் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஊசி போடுவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாது. இன்று கையிலுள்ளவை கடிதட்டு, உடற்பயிற்சி, மூட்டைக் கழுவுதல், முற்றினால் விலா ஒட்டு அல்லது உலோக மூட்டு. விலா ஒட்டில் வருவது வேறு குணமுள்ள குருத்தெலும்பு. குழந்தைகளில் அது தன் போக்கில் மிகையாக வளர்ந்து தாடையைக் கோணலாக்குவதும் அதனால்தான். செயற்கைப் பொருளிலும் பாடம் உண்டு: புரோபிளாஸ்ட்-டெஃப்ளான் தகடுகள் மூட்டின் அழுத்தத்தில் துகளாகி, பேருருச் செல்கள் திரண்டு எலும்பையே அரித்தன; 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அவை திரும்பப் பெறப்பட்டன.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பன்றிக்கும் முயலுக்கும் அனுமதி வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இறைச்சிக் கடையில் அன்று காலை வெட்டிய இளம் ஆட்டின் தலையை வாங்கி, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குமிழை எடுத்து 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் போடுங்கள். துண்டு மெல்லியதாக இருக்கட்டும், ஒரு நாள் போதும். மேலே பச்சை, அடுத்து நெருங்கிய கருக்கள், கீழே சிவப்பு என்று மூன்றும் தொடர்ச்சியாக ஐந்து வெட்டுகளில் வரும்வரை செல் வளர்ப்புத் தட்டைத் திறக்காதீர்கள்.